இரவல் குரல்

மனிதன் தன் கற்பனையில் படைத்த உயிர்களை ஆராய்வது, அவன் தன்னைப்பற்றி என்ன எண்ணுகிறான் என்பதை அறிய நல்லதொரு வழியாகும். சிறகில்லாக் குறை அவனை நெடுங்காலமாக உறுத்தி வந்துள்ளது. எனவேதான் உலக நாடுகள் பலவற்றின் கதைகளிலும் பாதி மனிதரும் பாதிப் பறவையுமான உருவங்கள் உலவுகின்றன. இந்தியப் புராணங்களில் கருடன், கிரேக்கர் கதைகளில் பெண்முகமும் பறவையுடலும் கொண்ட சைரன்கள், சப்பானியர் கதைகளில் மலைக்காடுகளில் வாழும் தெங்கு என இப்பட்டியல் நீளும். இவற்றுட் பெரும்பாலானவை மனிதனைவிட ஆற்றல் மிக்கவை. மனிதனுக்கு இல்லாத ஒன்று அவற்றுக்கு உண்டு என்பதே அவற்றின் பெருமை.

ஆனால் அண்மைக் காலத்தில் மேனாட்டார் படைத்த பறவைக் குலம் ஒன்று இதற்கு மாறானது. அதற்குச் சிறகில்லை, குரலுமில்லை. சிறகையும் குரலையும் இழந்த பறவை எதற்கு ஆகும் என்று கேட்கத் தோன்றலாம். நமக்கோ, மொழி பயில்வோரும் மொழி பயிற்றுவோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி முழுவதும் அந்தப் பறவையிடம் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. அதனை இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

இப்பறவை நம்மிடம் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுதல் நேர்மை. இலக்கிய வரலாற்று வகுப்பில் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தபோது, நாம் ஒரு நாள் வாய்தவறி ஒரு நூலின் ஆசிரியர் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டோம். தவறு நமக்கே தெரியவில்லை. உள்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் தெரிந்தது. நாற்பத்தொரு விடைத்தாள்களிலும் அதே தவறு, நாம் சொன்ன அதே சொற்றொடரில், நாம் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் காற்புள்ளியும் இட்டு எழுதப்பட்டிருந்தது! மறுநாள் வகுப்பில், "நூலகத்தில் அந்நூல் இருக்கிறதே, ஒருவர்கூட எடுத்துப் பார்க்கவில்லையா?" என்று சற்றுச் சினத்துடனேயே கேட்டோம். கடைசி வரிசையிலிருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாங்கள் எல்லாரும் கெங்குகள்" என்றார். வகுப்பில் சிரிப்பெழுந்தது. "அது என்ன தம்பி?" என்று கேட்டோம். ஓய்வு நேரத்தில் துறைக்கு வந்து அவர் விளக்கிய பின்னர் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கெங்குவின் கதை

அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டனர். காயும் கட்டமும் வைத்து ஆடும் நம் வீட்டு விளையாட்டுகளைப் போன்றதன்று அது. ஒருவர் கதை நடத்துநராக அமர்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அப்பாத்திரமாகவே பேசி, கதையை வளர்த்துச் செல்வர். எடுத்த செயல் கைகூடுமா கூடாதா என்பதைப் பல முகங்கள் கொண்ட பகடைகள் முடிவு செய்யும். கூடியிருந்து கதை கட்டும் கலை எனலாம். இக்கற்பனை உலகில் வாழும் இனங்களை வருணிக்கும் நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. 1981இல் வெளியான 'ஃபீண்ட் ஃபோலியோ' என்னும் நூலில் கெங்கு என்னும் பறவை மாந்தர் இடம்பெற்றனர். சப்பானியரின் தெங்குவை நினைவூட்டும் பெயர் அது.

பின்னர் வந்த பதிப்புகளில் இக்குலத்தின் இயல்பு மாறிக்கொண்டே வந்தது. 2014இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் நூல் கூறும் கதையே நம்மை ஈர்த்தது. கெங்குகள் காக்கையின் அலகும் இறகும், மனிதனின் நிமிர்ந்த நடையும் கொண்டவை. முன்னொரு காலத்தில் அவை பெயர் அறியப்படாத ஒரு தலைவனிடம் பணிபுரிந்தன. அவனது கருவூலத்தில் இருந்த ஒளிமிக்க பொருளொன்றின்மீது ஆசைகொண்டு, அதைக் களவாடத் திட்டமிட்டன. திட்டம் வெளிப்பட்டது. தலைவன் மூன்று சாபங்கள் இட்டான். முதற் சாபத்தால் சிறகுகள் வாடி உதிர்ந்தன. இரண்டாவது சாபத்தால், அறிவை வஞ்சகத்திற்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்காகப் படைக்கும் ஆற்றல் பறிக்கப்பட்டது. மறைபொருளை எவரிடமும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மூன்றாவது சாபத்தால் குரல் பறிக்கப்பட்டது.

அன்றுமுதல் கெங்குகள் தாம் கேட்ட ஒலிகளைக்கொண்டே பேசுகின்றன. வணிகன் ஒருவன் கூவிய சொல், குழந்தை ஒன்றின் அழுகை, கதவு கிறீச்சிடும் ஓசை ஆகிய இவையே அவற்றின் மொழி. அவற்றின் பெயர்களும் ஒலிகளே. பிறர் கையெழுத்தையும் கைவேலையையும் அப்படியே படியெடுக்க வல்லவை. ஆனால் புதிதாக ஒன்றைச் செய்யத் தெரியாதவை. நகரங்களின் நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளில் ஒண்டி வாழ்ந்து, குற்றவாளிகளுக்குக் கூலியாட்களாகக் காலம் கழிப்பவை. இழந்த வானத்தின்மேல் தீராத ஏக்கம் உடையவை.

கதையைக் கேட்டு முடித்தபோது அம்மாணவர் ஏன் தம்மைக் கெங்கு என்றார் என்பது விளங்கிற்று. ஆயினும் கதையை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கையில் இரண்டு ஐயங்கள் எழுந்தன. ஒன்று அறம் பற்றியது. மற்றொன்று மொழி பற்றியது.

சொன்னவர் யார்?

முன்னோர் செய்த குற்றத்திற்குப் பின்வந்த தலைமுறைகள் எல்லாம் தண்டனை ஏற்பது எந்த அறத்தில் சேர்ந்தது என்பது முதல் வினா. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்னும் நெறியில் வளர்ந்த நமக்கு இது எளிதில் ஏற்புடையதாகவில்லை. முட்டையிலிருந்து இன்று வெளிவரும் குஞ்சு எந்தக் கருவூலத்தைக் கண்டது?

இதனினும் ஆழமான வினா ஒன்றுண்டு. இக்கதையை நமக்குச் சொன்னவர் யார்? கெங்குகள் சொல்லியிருக்க இயலாது, அவற்றுக்குத்தான் குரலில்லையே! அவ்வாறாயின், களவு நடந்தது என்பதற்கும், தண்டனை தகும் என்பதற்கும் சான்று கூறுபவன் அத்தலைவன் ஒருவனே. குற்றம் சாட்டியவனே தீர்ப்பளிக்கிறான். தீர்ப்பளித்தவனே வரலாறும் எழுதுகிறான். எதிர்வழக்கு ஆடக்கூடியவர்களின் நாவை முன்னதாகவே அறுத்துவிடுகிறான். அந்த ஒளிமிக்க பொருள் உண்மையில் யாருடையது? பணிசெய்தவர்களின் உழைப்பில் விளைந்ததாக ஏன் இருக்கக் கூடாது? கேட்பதற்கு வழியில்லை.

இது வெறும் கதைதானே என்று ஒதுக்கிவிட முடியவில்லை. நம் மண்ணிலேயே ஒரு குலத்தில் பிறந்ததனாலேயே ஒருவரைக் குற்றவாளி என எழுதிவைத்த சட்டம் இருந்தது. 1871இல் ஆங்கிலேய அரசு இயற்றிய குற்றப் பழங்குடியினர் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு சமூகம் முழுவதையும் பதிவேட்டில் ஏற்றி, கைரேகை எடுத்து, ஊரைவிட்டுச் செல்லவும் ஒப்புதல் பெற வேண்டுமெனக் கட்டுப்படுத்த அது வழிசெய்தது. அதனை எதிர்த்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பலர் உயிர் நீத்தனர். விடுதலைக்குப் பின்னரே அச்சட்டம் ஒழிந்தது. அப்பதிவேடுகளை எழுதியவர்கள் யார்? எழுதப்பட்டவர்களுக்கு அவற்றில் ஒரு வரியேனும் எழுத இடமிருந்ததா? கெங்குவின் கதையைப் படைத்தவர்கள் பெருங்காமநல்லூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் 'திருட்டுக் குலம்' என்னும் எண்ணம் எங்கெல்லாம் தலையெடுக்கிறதோ, அங்கெல்லாம் குரல் பறிக்கப்பட்ட மக்கள் இருப்பார்கள் என்பது இரண்டிற்கும் பொதுவான உண்மை.

போலி செய்தலும் படைத்தலும்

இனி மொழி பற்றிய ஐயத்திற்கு வருவோம். கேட்டதைத் திருப்பிச் சொல்ல மட்டுமே தெரிந்த ஓர் உயிர், படைப்பாற்றல் சிறிதும் இன்றி இருக்க முடியுமா?

இவ்விளையாட்டை ஆடுவோர் கெங்குப் பாத்திரத்தை ஏற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று அம்மாணவரிடம் வினவினோம். தாம் ஒருமுறை அப்பாத்திரம் ஏற்றதாகவும், 'அஞ்சுகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில், கதையில் முன்பு வந்த ஒரு சிறுமியின் விம்மலை ஒலித்துக் காட்டியதாகவும், உடன் ஆடியவர்கள் அனைவரும் ஒரு கணம் பேச்சற்றுப் போனதாகவும் கூறினார். இங்கேதான் செய்தி இருக்கிறது. எந்த ஒலியைத் தேர்வது, எந்த ஒலிக்குப்பின் எதை வைப்பது, ஒருவர் சொன்னதை எந்தச் சூழலில் எந்தப் பொருளில் ஆள்வது என்று முடிவு செய்வதே படைப்பு. விம்மலை அச்சத்திற்கு ஆக்குவதை அணியிலக்கணம் பயின்றோர் எப்பெயரால் அழைப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தலைவன் இட்ட மூன்றாவது சாபமே இரண்டாவது சாபத்தை முறித்துவிட்டது! இரவல் ஒலிகளால் மட்டுமே பேசவேண்டும் என்று விதித்தவன், அவற்றைக் கோக்கும் கலையையும் அறியாமலே கற்றுக்கொடுத்துவிட்டான்.

நாம் மட்டும் என்ன? நாம் பேசும் சொற்களுள் நாமே ஆக்கியது எது? தாய் சொல்லக் கேட்டவையும், தெருவில் கேட்டவையும், நூல்களில் கற்றவையுமே நம் மொழி. நமக்குக் கிடைத்த மிகப் பழைய இலக்கண நூலின் ஆசிரியரே, புலவர்கள் இவ்வாறு கூறுவர் என்று பல இடங்களில் சொல்லிச் செல்கிறார். முன்னோர் மொழிந்ததைத் தாமும் மொழிவதாக உரைத்தே அவர் அழியாத நூல் ஒன்றைச் செய்துவிட்டார். நன்னூலார் நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுத்தபோது, வழிநூலையும் சார்புநூலையும் நூல் அல்ல என்று தள்ளிவிடவில்லை. முன்னதைக் கொண்டு, பின்னது தனக்கெனச் சிலவற்றைச் சேர்ப்பதையும் அவர் நூல் என்றே ஏற்றார்.

மொழியியல் துறையிலும் இவ்வழக்கு நடந்துள்ளது. பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலில் மொழியை, தூண்டலாலும் ஊக்குவிப்பாலும் படியும் பழக்கமாகக் கண்டார். 1959இல் அதற்கு மதிப்புரை எழுதிய நோம் சாம்சுகி, கேட்டிராத வாக்கியங்களையும் குழந்தை பேசுகிறதே என்று மறுத்தார். ஆங்கிலக் குழந்தை 'கோ' என்னும் வினையின் இறந்தகாலத்தை 'வென்ட்' என்னாது 'கோட்' என்று சில காலம் சொல்லும். எந்தத் தாயும் அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாள். அத்தவறு, குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியொன்றைத் தானே கண்டு ஆள்கிறது என்பதற்குச் சான்று. நம் மாணவர் நாற்பத்தொருவர் செய்த தவறு அத்தகையதன்று. அது நம் தவறு. அவர்களுக்கென்று ஒரு தவறுகூட இல்லையே என்பதுதான் வருந்தத்தக்கது.

நிகராகுவா நாட்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் அந்நாட்டுத் தலைநகர் மனாகுவாவில், செவிப்புலன் இழந்த சிறுவர்கள் முதன்முறையாகப் பெருந்தொகையில் பள்ளிகளில் ஒன்றுசேர்ந்தனர். ஆசிரியர்கள் இசுபானிய மொழியை உதட்டசைவு கொண்டு கற்பிக்க முயன்றனர். அது பெரிதும் பயன் தரவில்லை. ஆனால் விளையாட்டு முற்றத்திலும் பள்ளிப் பேருந்திலும் அச்சிறுவர்கள், வீட்டில் தத்தம் வழக்கிலிருந்த சைகைகளைக் கலந்து தமக்குள் பேசத் தொடங்கினர். அடுத்து வந்த இளையோர் அதனை இன்னும் ஒழுங்குபட்ட இலக்கணமுடைய மொழியாக வளர்த்தனர். 1986 முதல் ஜூடி கெகல் என்னும் மொழியியலார் அதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார். வகுப்பறையில் ஆசிரியர் ஊட்டிய மொழி பதியவில்லை. முற்றத்தில் பிள்ளைகள் ஆக்கிய மொழி நிலைத்தது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் அனைவரும் இச்செய்தியை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளல் நன்று.

உண்மைப் பறவைகளுள்ளும் சான்று உண்டு. 'கிளிப்பிள்ளை' என்று இழிவாகச் சொல்லிவிடுகிறோம். ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977 முதல் பயிற்றிவந்த அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல்நிறக் கிளி, 2007இல் இறக்கும்வரை, பொருள்களின் பெயரையும் நிறத்தையும் வடிவத்தையும் எண்ணிக்கையையும் கேட்டவர்க்கு ஏற்பச் சொல்லி வந்தது. ஆப்பிளைக் காட்டியபோது, எவரும் கற்பிக்காத 'பேனெரி' என்றொரு சொல்லால் அதனை அழைத்தது. வாழைப்பழம், செர்ரிப்பழம் ஆகிய இரண்டின் ஆங்கிலப் பெயர்களையும் அது இணைத்திருக்கலாம் என்பர். அதனைப் படைப்பு என்று சொல்லலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் சொன்னதைச் சொல்வதோடு கிளியே நின்றுவிடவில்லை என்பது தெளிவு.

சாபம் நீக்கம்

இவ்விளையாட்டை வெளியிடுவோர் 2022இல் தம் இனங்களைத் திருத்தி ஒரு நூலாக வெளியிட்டனர். அதில் கெங்குவின் சாபம் விடப்பட்டது. கூரிய நோக்கும் பிழையாத நினைவாற்றலும் பெற்ற பறவைக் குலம் என்று அவை போற்றப்பட்டன. ஒலிகளைப் போலவே ஒலிக்கும் திறன் இருக்கிறது. ஆனால் அது ஒன்றே மொழி என்னும் தளை இல்லை. ஓர் இனம் முழுவதையும் தீயதென்றும் குறையுடையதென்றும் வரைதல் தகாது என்னும் விழிப்பு, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவ்வுலகில் எழுந்திருந்தது.

இம்மாற்றத்தை வரவேற்கிறோம். எனினும் ஒரு குறையையும் சுட்ட விரும்புகிறோம். சாபத்தைத் துடைத்துவிட்டதனால், சாபமிட்டவனும் கேள்வியின்றித் தப்பிவிட்டான். தலைவன் சொன்ன கதையைத் தலைவன் சொன்னதாகவே வைத்து, கெங்குகள் தம் இரவல் ஒலிகளைக் கோத்துத் தம் பக்கத்துக் கதையைச் சொல்லுமாறு செய்திருந்தால், அது இன்னும் சிறந்த அறமாகவும் இன்னும் சிறந்த இலக்கியமாகவும் இருந்திருக்கும் என்பது எம் கருத்து. அநீதியை ஏட்டிலிருந்து அழித்துவிடுவது எளிது. அநீதிக்கு ஆளானவர் வாயால் அதனைக் கேட்பதே நீதி.

நம் வகுப்பறைத் தலைவர்கள்

இத்துணையும் எழுதிவிட்டு நம்மைப்பற்றி எழுதாமல் விடுவது முறையாகாது. வகுப்பறையில் குரலைப் பறிக்கும் அத்தலைவன் யார்?

ஆண்டுகள் பலவற்றின் முன்னர், பணியில் சேர்ந்த புதிதில், மாணவி ஒருவர் காப்பியத் தலைவி ஒருத்தியைப் பற்றிய வினாவிற்கு, நாம் வகுப்பில் சொன்னதற்கு மாறாகத் தாமே எண்ணியதை எழுதியிருந்தார். நடை தட்டுத்தடுமாறியது, ஆனால் எண்ணம் அவருடையது. விடைக்குறிப்பில் இல்லை என்று பாதி மதிப்பெண்ணைக் குறைத்தோம். அவர் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேர்வில் நம் குறிப்பை எழுத்துப் பிசகாமல் எழுதி, வகுப்பிலேயே முதன்மை பெற்றார். அன்று நாம் மகிழ்ந்து பாராட்டியதும், அவர் முகத்தில் மகிழ்ச்சி காணாததும் இன்றும் நினைவில் உள்ளன. ஒரு குரல் நம் சிவப்பு மையால் அடங்கியது என்பதை உணர நமக்கு இத்தனை ஆண்டுகளும் ஒரு பறவைக் கதையும் தேவைப்பட்டன.

மனப்பாடம் தீது என்று கூறவில்லை. செய்யுளை நெஞ்சில் நிறுத்தாதவனுக்குத் தமிழ் வசப்படாது. கெங்குவின் செவியும் நினைவும் மாணவர்க்கு வேண்டும், மிகுதியாகவே வேண்டும். ஆனால் நினைவில் கொண்டதைத் தேர்ந்து, கோத்து, தம் பொருளுக்கு ஆளும் உரிமையையும் நாம் தரவேண்டும். அதனைத் தராமல், மாணவர்க்குச் சொந்தக் கருத்தில்லை என்று குறைகூறுவது, சிறகை ஒடித்துவிட்டுப் பறவைக்குப் பறக்கத் தெரியவில்லை என்பதற்கு ஒப்பாகும்.

எனவே எம் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒவ்வொரு தாளிலும் ஒரு வினாவேனும், குறிப்பேட்டில் விடை இல்லாத வினாவாக அமையட்டும். அதற்குரிய மதிப்பெண், கருத்து ஆசிரியருடையதோடு ஒத்திருப்பதற்கன்றி, காட்டும் காரணத்திற்கும் சான்றுக்கும் வழங்கப்படட்டும். ஆசிரியர் தவறிச் சொன்னால், "நூலில் வேறுவகையாக உள்ளதே, ஐயா" என்று எழுந்து சொல்லும் மாணவர், மரியாதை குறைந்தவராகக் கருதப்படாதிருக்கட்டும்.

இவ்வாண்டு எம் வகுப்பில் அத்தகைய வினா ஒன்றைக் கேட்டோம். நாற்பத்தொரு விடைகள் வந்தன. சிலவற்றில் பிழைகள் மலிந்திருந்தன. சில நம் கருத்தை அடியோடு மறுத்தன. கடைசி வரிசை மாணவர் தம் விடையின் கீழே, "ஐயா, இது எங்கும் கேட்டதில்லை" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். திருத்த வழக்கத்தினும் இருமடங்கு நேரம் பிடித்தது. ஒரு தாளைப் போல் மற்றொரு தாள் இல்லை.